மேளவண்டிக்கு ஒரு காகித கேஸ்கெட்

போசுங்குக்கு உட்கார வராது. தைவானின் யுன்லின் பக்கம், ஊர்க்கோடியில் அவன் ஒர்க்‌ஷாப். அங்கே நாற்காலிகள் உண்டு, எல்லாம் வாடிக்கையாளருக்கு. ஐம்பத்து நாலு வயதிலும் நின்றபடிதான் சோறு. "ஒண்ணு போதுமான்னு சந்தேகப்பட்டு, கல்யாண ரிஜிஸ்டர்ல என்னை ரெண்டு தடவை கையெழுத்துப் போட வெச்ச மனுஷன்" என்பாள் மனைவி பாவ்சின்.

அன்றைக்கு அவன் கால் நிலைகொள்ளாததற்கு நியாயம் இருந்தது. மாட்சு அம்மன் ஊர்வலம் மூன்று மணிக்கு. பல்லக்குக்கு முன்னால் போகும் மேளவண்டி யாவ் அக்காவின் பழைய லாரி. அது தண்ணீர் பம்பு கழன்று அவன் முன்னால் நிற்கிறது. போன வருஷம் இதே லாரி நடுத்தெருவில் கொதித்து நின்று, அம்மனே அரைமணி காத்திருந்தாள். அம்மன் மன்னித்திருக்கலாம். யாவ் அக்கா மன்னிக்கவில்லை.

"இந்த வருஷமும் ஆவி பறந்துச்சுன்னா, தம்பி, ஊர்ல ஒரு ஸ்கூட்டர்கூட உன் கடைக்கு வராது. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவேன்னுதான் பயமா இருக்கு அக்கா."

புதுப் பம்பு, எஞ்சினோடு சேரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் இல்லாமல் வந்திருந்தது. ரப்பர் பூசிய தகடு போடலாம். ஆனால் தகடு உட்கார, பம்பு பொருந்தும் முகம் சமமாக இருக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கோ அம்மை வடு விழுந்த முகம். சிலிக்கான் பசை பள்ளத்தை நிரப்பும், ஆனால் நன்றாகக் காய ஒரு நாள் கேட்கும். மிச்சம் கேஸ்கெட் காகிதம்தான். அமுங்கிக்கொடுக்கும், காயக் காத்திருக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டான். அதைச் சந்தேகப்பட இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"காகிதம் தண்ணிய தாங்குமா?"

"இருபது வருஷமா அதைத்தானே வெட்டறே" என்றாள் பாவ்சின்.

"அப்பல்லாம் பின்னாடி அம்மன் வரல."

பம்பின் முகத்தில் காகிதத்தை விரித்து, விளிம்பைச் சுத்தியால் மெல்லத் தட்டி அச்செடுத்து வெட்டினான். பிறகு கை தானாகப் பசைக்குப் போனது. "ரெண்டும் இருந்தா நல்லதுதானே?"

"ஈரப் பசையில காகிதம் வழுக்கிப் பிதுங்கும்னு போன வாரம் ஒருத்தனை அந்தத் திட்டு திட்டினே." அவள் பசைக் குழாயைப் பையில் போட்டுக்கொண்டு நூடுல்ஸ் வாங்கப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு லாரி கிளம்பியது. போசுங் பக்கத்திலேயே நடந்தான். சந்தை முனையில் வெடிச்சரத்துக்காக வண்டி நின்றதும் பொறுக்க மாட்டாமல், ஒழுகுகிறதா என்று பார்க்க முன் பம்பருக்கு அடியில் தலையை நுழைத்து ரோட்டில் மல்லாந்தான்.

அங்கேதான் பிசகு. அந்த ஊரில் ஊர்வலத்தன்று ஒருவர் ரோட்டில் படுத்தால், பல்லக்கு வருகிறதென்று அர்த்தம். அம்மன் மேலே கடந்து போனால் பிடித்த பீடை விடும். பழக்கடைக்காரி அவன் காலடியில் குப்புறப் படுத்தாள். அவள் காலடியில் மருமகள். கண்மூடித் திறப்பதற்குள் தபாலாபீஸ் வரை அறுபது பேர். பல்லக்கோ இரண்டு தெரு தள்ளி.

லாரி நகர வழியில்லை. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பது தனிக் கவலை. வெயில் வேறு.

"சூட்டு முள்ளு ஏறுது. எந்திரிடா" என்றாள் யாவ் அக்கா, கேபினிலிருந்து.

எழுந்தான். வேறு யாரும் எழவில்லை.

"இடத்தை விட்டுடாதீங்க அண்ணே" என்றாள் பழக்கடைக்காரி. "முதல் இடம் யாருக்குக் கிடைக்கும்?"

மறுபடி படுத்தான். குச்சி நுனியில் வெள்ளைத் துணி சுற்றி, பம்பின் கீழ்விளிம்பில் ஒற்றினான். உலர்ந்திருந்தது. துணியைத் திருப்பி ஒற்றினான். உலர்ந்துதான் இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் இதே வேலை. நடுவில் பல்லக்கு லாரியைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் கால்களைக் கடந்து போனதுகூடத் தெரியவில்லை.

வரிசை கலைந்தது. யாவ் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"முள்ளு பாதிக்கு மேல போகல. சொட்டுதா?"

"இல்லக்கா. அதான் ஏன்னு பாக்கறேன்."

"அடுத்த வருஷமும் வண்டி உன்கிட்டதான். ஒரே கண்டிஷன், ஊர்வலத்தன்னிக்கு நீ வீட்டுல படு."