அப்பா வாங்கி வந்த பிராந்தி

எங்கள் மாமா கண் தெரியாதவர் போல நடிப்பதில் கெட்டிக்காரர். போச்சம்பள்ளியிலிருந்து ஓசூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் கண்ணைச் செருகிக்கொண்டு, கையால் துழாவி, என் மூக்கைப் பிடிப்பார். அதனால் ஒரு வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு வந்திருந்த மாமா, மறுநாள் உச்சிவெயிலில் வாசலில் நின்றுகொண்டு, “ஏக்கா, உங்க ஊர்ல இந்நேரத்துக்கும் பனி வெலகலையா?” என்று கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அம்மா நீட்டிய காபி டம்ளரை விட்டுவிட்டுப் பக்கத்துக் காற்றில் தேடினார். மறுபடியும் தேடினார்.

“அம்மா, மாமா வெளையாடலம்மா” என்றேன்.

அப்பா மாட்டுவண்டியைப் பூட்ட, மாமாவை அதில் போட்டு ஓசூருக்குக் கொண்டு போனோம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் அங்கே வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாமாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “என்னத்தக் குடிச்சே?” என்று ஒரே அதட்டாக அதட்டினார்.

முந்தின ராத்திரி, பண்டிகைக்குத் தேர் செப்பனிட வந்த தச்சரிடம், மெருகு கலக்கும் ஸ்பிரிட்டை வாங்கிக் குடித்திருந்தார் மாமா. அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. சில மைல் தள்ளி எல்லையைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே அத்திப்பள்ளியில் கடை திறந்திருக்கும். ஆனால் எல்லைச் சாவடியில் அப்பா நின்றிருப்பார். கதர்ச் சட்டையும் கூப்பிய கையுமாக, குடிக்கப் போகிறவர்களைத் திருப்பி அனுப்புவது அவர் தனக்குத்தானே விதித்துக்கொண்ட வேலை.

“சாவடியில நீங்க இருப்பீங்களேன்னுதான் மச்சான்...” என்று முனகினார் மாமா.

டாக்டர் சோடா உப்புக் கரைசல் கொடுத்தார். பிறகு அலமாரியிலிருந்து கொஞ்சம் பிராந்தியை எடுத்து ஊற்றினார். அப்பா பதறிப் போய்விட்டார்.

“ஐயா, குடிச்சுத்தானே இந்தக் கதி! மறுபடியும் அதையேவா?”

“அது வேற சரக்கு, இது வேற சரக்கு. ரெண்டும் உள்ள இருந்தா உடம்பு மொதல்ல இதத்தான் செரிக்கும். அதத் தொடாது. இது ஓயாம உள்ள போயிட்டே இருக்கணும். எங்கிட்ட இவ்ளோதான் இருக்கு. இத வாங்க சர்க்கார் பர்மிட்டுக்குச் சேலம் போயி வர்றதுக்குள்ள கண்ணு போயிடும். உசுரும் போயிடும்.”

அப்பா டாக்டரின் சைக்கிளை எடுத்தார். மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுத என்னை அம்மா பிரித்தெடுத்து, “இவளயும் கூட்டிட்டுப் போங்க” என்று முன்பாரில் உட்கார வைத்தாள். அப்பா அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்த்ததில்லை.

அத்திப்பள்ளிக் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “ஏனு சுவாமி, நீவு இல்லி? நீங்க இங்கயா?” என்று கன்னடமும் தமிழுமாக வியந்தார். தன் வியாபாரத்தைக் கெடுப்பவரே வாசலில் வந்து நின்றால் வேறென்ன கேட்பார்? அப்பா புட்டியின் பெயரைச் சொல்லத் தெரியாமல், எது நல்லதோ அதைக் கொடுக்கச் சொன்னார்.

திரும்பும்போது சாவடிக்காரர் எழுந்து கும்பிட்டார்.

“பாப்பாவோட கெளம்பிட்டீங்களா? பையில என்னங்க?”

அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். “பிராந்தி” என்றார்.

சாவடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நீங்ககூடத் தமாசு பண்றீங்களே!” என்று தடுப்புக் கழியைத் தூக்கிவிட்டார்.

பிராந்தி பலகாரம் மாதிரி எல்லோருக்கும் பிடித்த மருந்து போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்துக் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தபோதுதான் அன்று நடந்தது விளங்கியது. மாமா குடித்த ஸ்பிரிட் உள்ளே போனதுமே கண்ணைக் கெடுத்துவிடுவதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் அதை மாற்றி, கண்ணைப் பறிக்கும் கொடும் அமிலத்துக்கு வழி செய்கிறது. ஆனால் அதே நொதிக்குப் பிராந்தியிலுள்ள சாராயத்தின் மேல்தான் பிடிப்பு அதிகம். அது ஓயாமல் வந்து நொதியைப் பிடித்துக்கொள்வதால் ஸ்பிரிட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. காத்திருந்து காத்திருந்து, மாறாமலே மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. இப்போது அந்த நொதியைத் தடுப்பதற்கென்றே தனி மருந்து வந்துவிட்டது. அன்று அப்பாவின் கையில் இருந்தது அந்தப் புட்டி மட்டும்தான்.

டாக்டர் சொன்ன அளவை எலுமிச்சைச் சாற்றில் கலந்து, தன் கையாலேயே புகட்டினார் அப்பா. மாமாவுக்குப் போதை ஏறியது. “மச்சான் ஊத்தித் தர்றாரு, நான் குடிக்கிறேன். எந்தக் கொம்பன் கேப்பான்?” என்று பாடாத குறையாகக் கத்தினார். அப்பாவின் மதுவிலக்கு மேடைப் பேச்சை அவர் முன்னாலேயே பேசிக் காட்டினார். அம்மா அழுகையினூடே சிரித்துவிட்டாள். அப்பா மட்டும் அடுத்த வேளைக்கு அளந்து வைப்பதிலேயே கண்ணாக இருந்தார். தூக்கம் வந்தபோது எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் கட்டிலருகே உட்கார்ந்தார்.

விடிந்து, ஜன்னல் வழியே வெயில் உள்ளே வந்தபோது மாமா கண் விழித்தார். கொஞ்ச நேரம் அப்பாவையே உற்றுப் பார்த்தார்.

“என்ன மச்சான், ரெண்டு நாளா சவரம் பண்ணலையா? தாடி வெள்ளயா தெரியுது.”

அப்பா விருட்டென்று எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். டாக்டர் வீட்டுக் கொல்லையில் எங்கள் வண்டிமாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

நான் உள்ளே ஓடி வந்து மாமாவைக் கடிந்துகொண்டேன். “தாடியப் பத்திப் பேசினா அப்பாவுக்குப் புடிக்காதுன்னு தெரியாதா மாமா? பாரு, எவ்ளோ கோவமாப் போயிட்டாரு!”