ஒளித்து வைத்த மழை

பண்டைய அரேபியாவில் நபதேயர் என்ற மக்கள் வாழ்ந்த பாலைவனத்தை மழை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அதைப் பாறைத் தொட்டிகளில் பிடித்து, வாயைக் கல்லால் மூடி, இடம் தெரியாதபடி மேலே மணலைப் பரப்பிவிடுவது ஹுனைனுவின் குலத்தொழில். தெற்கிலிருந்து சாம்பிராணி ஏற்றிவரும் வியாபாரிகளுக்கு அவன் காட்டுவதுதான் வழி, கொடுப்பதுதான் தண்ணீர்.

அந்த வியாபாரிகளில் புதிதாக வந்த யஸ்லம் பாறையடியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நாக்கு வறண்டு போச்சு. தண்ணி எங்கய்யா?"

"குன்றுக்கு அந்தப் பக்கம் ஒட்டகத்த மேய விடுங்க. திரும்பி வர்றதுக்குள்ள தண்ணி இருக்கும்."

அவர்கள் திரும்பியபோது தோல்பைகள் நிறைந்திருந்தன. மணலில் ஒரு சுவடும் இல்லை. யஸ்லம் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பழைய இடத்திலேயே சாய்ந்தான்.

"அடுத்த தடவ நீ வேண்டாம்ப்பா. தண்ணிய நாங்களே தேடிக்குவோம்."

தொட்டியை மூடிய கல்லுக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஹுனைனு சிரித்தான்.

"தாராளமா வாங்க. உக்காரத்தான் எடம் இருக்கே!"