கொஞ்ச நாள் தனியாக இருக்கட்டும்

மாதவன் கை கழுவுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். புது மீன் வந்ததிலிருந்து இதே வேலை. ஒரு தொட்டியைத் தொட்டால் கழுவுவான், அடுத்ததுக்குப் போகுமுன் மறுபடி கழுவுவான். அருப்புக்கோட்டையில் குழாயில் தண்ணீர் வருவதே பெரிய விஷயம், இவன் அதை விரல் இடுக்கில் விட்டுக்கொண்டிருந்தான். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவன் வளர்ப்பு மீன் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் என்பதால் நான் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது. திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு மனுவோடு போகிறவர்கள் என்னிடம் நகல் எடுத்துவிட்டு, பஸ் வரும்வரை அவன் மீன்களை வேடிக்கை பார்ப்பார்கள். வாங்கமாட்டார்கள்.

பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற குடும்பம் அவனுடையது. பஜாரில் கடை. இவன் மட்டும் வீட்டின் முன்னறையில் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா ராமலட்சுமிக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. "பூட்டிப் போட்டாலும் பெயிண்ட் டப்பா சாகாது. இது அப்படியா?" என்பார். கேள்வி நியாயமானதுதான்.

அவன் உயிர், பெரிய தொட்டியில் இருந்த ஆஸ்கார் மீனில் இருந்தது. கடை திறந்த அன்று விரல் நீளத்துக்கு வந்தது. இப்போது அரை முழம் இருக்கும். விற்பனைக்கு இல்லை. மாதவன் வந்தால் கண்ணாடிப் பக்கம் வரும், அவன் கையிலிருந்தே தீனி எடுக்கும். நான் போனால் முதுகைக் காட்டும். "இது போயிருச்சுன்னா கடையை மூடிட்டு பெயிண்ட் கடையில போய் உக்காந்துருவேன் அண்ணாச்சி" என்று ஒருநாள் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை அவன்.

அதற்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் சென்னையிலிருந்து இரண்டு ஆஸ்கார் குஞ்சுகளை ஆம்னி பஸ்ஸில் வரவழைத்தான். வந்ததும் பெரிய தொட்டியில் விடவில்லை. முன்பு ஒருமுறை வேறொரு தொட்டியில் அப்படி விட்டு, வந்த நோயில் அதிலிருந்த மீனெல்லாம் போய்விட்டது. அதனால் மூலையில் சின்னத் தொட்டி, அதற்குத் தனி வலை, தனி வாளி, தனி டியூப். "இதுக கொஞ்ச நாள் தனியா இருக்கட்டும். அப்புறம் சேத்துக்குவோம்" என்று மனைவி ஈஸ்வரியிடம் சொன்னான். ஏன் என்று சொன்னானா என்றால், இல்லை. அவனுக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைக்கிற பிறவி.

ஈஸ்வரி நரிக்குடிப் பக்கம். கண்மாய்ப் பாசன நிலமும் ஆடுகளுமாக இருக்கிற வீடு. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கிளாசில் பழகி, இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல் செய்துகொண்ட கல்யாணம். ராமலட்சுமி வாசலிலேயே நிறுத்திவிடவில்லை, அதைச் சொல்லவேண்டும். மாடி அறையைக் கொடுத்தார். ஒரு காஸ் அடுப்பும் வாங்கி வைத்தார். "கொஞ்ச நாள் மேல இருக்கட்டும். நம்ம வீட்டுப் பழக்கமெல்லாம் புரிஞ்சதும் கீழ சேத்துக்குவோம்" என்றார். அது போன வருஷ ஆடி. இந்த வருஷ ஆடியும் வந்து போய்விட்டது. மாதவன் ஒரு வேளை மேலே சாப்பிட்டான், ஒரு வேளை கீழே சாப்பிட்டான், இரண்டு பக்கமும் சோறு கிடைத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அவன் சாப்பிடப் போகிற மத்தியான நேரம் ஈஸ்வரிதான் கடையைப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் பெரிய ஆஸ்காரின் மேலெல்லாம் ரவை தூவினதுபோல வெள்ளைப் புள்ளி. கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. தீனி எடுக்கவில்லை. புதுசாக வந்த இரண்டும் புள்ளி பொட்டு இல்லாமல் துள்ளிக்கொண்டிருந்தன.

மாதவனுக்குப் புரியவில்லை. நோய் வந்தால் புதுசுக்கு வரவேண்டும். பழசுக்கு எப்படி வந்தது? நீல மருந்தை ஊற்றினான். ஒருநாள் குறைந்தது, மறுநாள் கூடியது. தண்ணீர் லாரிக்காரர் செல்லப்பாண்டியைப் பிடித்துக்கொண்டு, என்ன தண்ணீர் கொண்டுவந்தீர் என்று கேட்டான். "இதே தண்ணியத்தான் தெருவே குடிக்குது. தெருவுக்கெல்லாமா புள்ளி வந்துருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். பிறகு தீனி டப்பாவைச் சந்தேகப்பட்டான். கண்ணேறு என்று ராமலட்சுமி எலுமிச்சம்பழம் கட்டினார். கடைசியில், ஜெராக்ஸ் மிஷின் தூள் பறந்து வந்து விழுந்திருக்குமோ என்று என்னிடமே கேட்டான். அன்று முழுக்க நான் அவனோடு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான். ஆஸ்கார் தொட்டியின் அடியில் படுத்து வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மாதவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஈஸ்வரி பக்கத்தில் நின்றாள், ராமலட்சுமி உள்கதவில் சாய்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க. இத சின்னத் தொட்டிக்கு மாத்தப் போறேன். அந்தத் தண்ணிதான் சுத்தமா இருக்கு. நெருக்கமா இருந்தாலும் பொழைச்சாப் போதும்."

தனியாக வைக்கவேண்டும் என்று ஊரைக் கூட்டியவனே இப்போது சேர்க்கிறான். எனக்கு எது சரி என்று புரியவில்லை. வலையைப் பிடித்தேன்.

"மாத்தினாலும் ஒண்ணுதாங்க" என்றாள் ஈஸ்வரி. உதவி செய்கிற குரலில்தான் சொன்னாள். "அந்தத் தண்ணியத்தான் தெனமும் ஒரு செம்பு இதுலயும் ஊத்துறேனே. இதுலருந்து மோந்து அதுலயும் விடுறேன்."

மாதவன் தொட்டிக்குள் விட்ட கையை வெளியே எடுத்தான்.

"எதுக்கு?"

"எங்கூருல சந்தையில ஆடு வாங்கியாந்தா சும்மா விடமாட்டாக. மந்தை முட்டித் தள்ளிரும். பட்டியில கெடக்க ஆட்டு மூத்திரத்தை எடுத்துப் புது ஆட்டு மேல பூசி, ஒரே வாடையாக்கித்தான் விடுவாக. அப்பத்தான் சேத்துக்கிரும். இதுகளுக்கு வாடை தண்ணியிலதான இருக்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். புதுசுகள் நோயைத் தாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. வெளியே தெரியவில்லை. அதைத்தான் இவள் செம்பில் மொண்டு தினமும் பெரியதுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"தனியா இருக்கட்டும்னு சொன்னேனா இல்லையா?" மாதவன் ஈரக்கையாலேயே சின்னத் தொட்டியைக் காட்டினான். "கொஞ்ச நாள்னுதான சொன்னேன்."

"சொன்னீக. கொஞ்ச நாள்னா அது எம்புட்டு நாளுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அதான் வெரசாப் பழகட்டும்னு செஞ்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை அவள். ராமலட்சுமி கதவிலிருந்து நிமிர்ந்தார். மாதவனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இரண்டு தொட்டியிலும் இப்போதே உப்புப் போடவேண்டும், கடையில் வைத்திருந்தது தீர்ந்துபோயிருந்தது.

"மேல இருக்கது பத்தாது. கீழ சமையக்கட்டுல கல்லுப்பு இருக்கும், ஓடு. ஒரு படி அள்ளிட்டு வா."

ஈஸ்வரி ஓடினாள். நாங்கள் தண்ணீரில் பாதியை வெளியே இறைத்தோம். அவளைக் காணோம். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம், மூடி திறந்து மூடும் சத்தம். ஆஸ்கார் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்தது.

"ஈஸ்வரி, உப்பு எடுக்க இம்புட்டு நேரமா?"

வெறுங்கையோடு வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எங்க இருக்குன்னு தெரியலங்க."

"இந்த வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு உனக்கு..." என்று கத்த ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு மூலையில் இருந்த சின்னத் தொட்டியைப் பார்த்தான். எனக்குப் போய்விடலாம் போலிருந்தது. கையில் வலை இருந்ததால் நின்றேன்.

ராமலட்சுமி வந்து ஈஸ்வரியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "அரிசி டிரம்முக்குப் பின்னாடி, பெரிய சாடி. பக்கத்துலயே புளி, அதுக்கு மேல வத்தல்" என்று அவர் காட்டிக்கொண்டே போவது கேட்டது. சாகப்போகிற மீன் ஒன்று இங்கே கிடந்தது. அவர் பருப்பு டப்பாவரைக்கும் காட்டி முடித்த பிறகுதான் உப்பு வந்தது.

ஆஸ்கார் பிழைத்துக்கொண்டது. ஒரு கண் மட்டும் மங்கல். குஞ்சுகளையும் அதோடு விட்டாயிற்று, முட்டவில்லை. உப்பு பிழைக்க வைத்ததா, மருந்தா என்று மாதவன் இன்னும் என்னிடம் கேட்கிறான், எனக்கு என்ன தெரியும். மாடி அறையில் இருந்த அடுப்பு இப்போது கடையில், தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரைச் சூடாக்க இருக்கிறது.