விமானத்தை மூன்று சுற்று சுற்றினேன்

யுத்தத்துக்கு முந்திய ஒரு கோடையில், ராஜபாளையத்துக்கு வெளியே வறண்டு கிடந்த கண்மாயில் ஓர் ஆகாய விமானம் வந்து இறங்கியது. ஊர் ஊராகப் போய், டிக்கெட் வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டம் பறந்து காட்டும் விமானம். ஓட்டி வந்தவர் பம்பாய்க்காரர். எங்களைவிடக் கறுப்புதான். ஆனால் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்ததால் ஊரே அவரைத் துரை என்றது.

நான் அப்போது பஞ்சாலை ஒன்றில் கிளார்க். இங்கிலீஷ் தெரியும் என்று என் முதலாளி என்னைத் துரையோடு இருக்க அனுப்பினார். முதல் டிக்கெட்டை முதலாளியே வாங்கியிருந்தார். ஊரில் முதலில் கார் வாங்கியவர் அவர். ஆகாயத்தில் இன்னொருவன் முந்திவிடக் கூடாது என்று அவருக்கு ஒரே கவலை.

மறுநாள் காலை துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வத்திராயிருப்பிலிருந்து வந்த மாம்பழக் கூடையை ஒரே ஆளாகக் காலி செய்திருந்தார். "ஒரு தடவை சுற்றிப் பார்த்து, எல்லாம் சரியா என்று சொல்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கரைக்கு அந்தப் பக்கம் ஓடினார்.

நான் சுற்றினேன். கோயில் பழக்கம், மூன்று சுற்று. வாலிலிருந்து ஒரு கயிறு போவதைப் பார்க்கத்தான் செய்தேன். இறக்கைகளுக்கு நடுவில் அத்தனை கம்பி இருக்கும்போது வாலில் ஒரு கயிறு இருக்கக் கூடாதா? ஒவ்வொரு சுற்றிலும் தடுக்காமல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினேன். துரை திரும்பி வந்ததும் "எல்லாம் சரி" என்றேன்.

முதலாளி ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் முழங்கியது. கரைமேல் நின்ற கூட்டம் கூவியது. விமானம் ஓட ஆரம்பித்ததும் மணலில் கிடந்த கயிறு விறைத்தது. அதன் மறுமுனையில், கருவேல மர நிழலில், ஒரு கயிற்றுக் கட்டில் துள்ளிக் கிளம்பியது. அதில் இரவெல்லாம் காவல் இருந்த காவல்காரர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் அவர் கட்டிலோடு போனார். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்தபடி, ராஜா மாதிரி.

"ஏலே, அவருக்கும் டிக்கெட்டு உண்டா?" என்றார் என் பக்கத்தில் நின்றவர்.

முதல் மேட்டில் காவல்காரர் உருண்டு விழுந்தார். கட்டில் ஒரு மரத்தூரில் மாட்டியது. விமானம் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி, முழுக்கக் காயாத பள்ளத்தில் எருமைகள் படுத்திருந்த சகதிக்குள் மூக்கைக் குத்தி நின்றது. முன்னாலிருந்த விசிறி இரண்டாக உடைந்தது. எருமைகள் எழுந்து போய்க் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டன.

நான் பதறி ஓடினேன். முதலாளி கண்ணை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சேறு.

"எறங்கியாச்சாலே?"

"எறங்கியாச்சு மொதலாளி."

"எம்புட்டு ஒசரம் போனோம்?"

நான் துரையைப் பார்த்தேன். துரை உடைந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ஒசரம் மொதலாளி" என்றேன். கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் வேலை பார்ப்பவர்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

காவல்காரர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "காத்துல பறந்துராம கட்டிப் போடுன்னு தொரைதான சைகையில சொன்னாரு? மொளைக்குச்சி மணல்ல நிக்கல. அதான் கட்டில்ல கட்டிட்டு மேல படுத்தேன். கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

நான் அதை மொழிபெயர்த்தேன். துரை என்னிடம், "நீ சுற்றிப் பார்த்தாயா?" என்றார்.

"மூன்று தடவை."

"கயிற்றைப் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். அழகாகக் கட்டியிருந்தது."

அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அடிப்பாரோ என்று பயந்தேன். அவரோ, "தப்பு என்னுடையது. மாம்பழத்தின் மேல் பழி போடவும் முடியாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விமானத்தைக் கழற்றி மாட்டுவண்டிகளில் ரயிலடிக்கு அனுப்பும்வரை அவர் கூடவே இருந்து, ஒவ்வொரு கயிற்றையும் நானே அவிழ்த்தேன்.

அந்த ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி, மேலிருந்து பார்த்தால் அங்குள்ள கோபுரம் ஒரு மிளகாய் வற்றல் அளவுக்குத்தான் தெரிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ சந்தேகமாகச் சிரித்தார்கள்.

"இவன்ட்டயே கேளுங்க. கீழ நின்னு பாத்தவன். ஏலே, நான் எம்புட்டு ஒசரத்துல போனேன்?"

"கண்ணுக்கே தெரியல மொதலாளி" என்றேன்.

பரிமாறியவரைக் கூப்பிட்டு, எனக்கு இன்னொரு அப்பளம் போடச் சொன்னார்.