ஆளில்லாத மாடியில் ஒரு குடித்தனம்

அந்த உயரமான கட்டடத்தின் கீழ்ப்பாதி ஹோட்டல், மேல்பாதி வீடுகள். முன்பு அந்த மண்ணில் குடியிருந்தவர்களுக்கே அந்த வீடுகளைத் தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் நகராட்சி அத்தனை மாடிகளுக்கு அனுமதி கொடுத்தது. கட்டி முடித்து வருடங்களாகியும் மேலே ஒரு குடும்பம்கூட ஏறவில்லை. லிஃப்டுக்குச் சான்று வரவில்லை, தண்ணீர் வரவில்லை என்று சாக்குகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. கேட்டுக் கேட்டு ஜனங்கள் ஓய்ந்துபோனால் அவற்றையும் ஹோட்டல் அறைகளாக்கிவிடலாம் என்பது முதலாளியின் நினைப்பு.

ஆனால் இருட்டியதும் மேலே விளக்கு எரியும். பால்கனிகளில் துணி காயும். இடித்த வீடுகளில் செத்தவர்கள் திரும்பி வந்து குடித்தனம் நடத்துவதாக அறை சுத்தம் செய்யும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குக் கதவைத் திறக்காத ஊர், செத்தவர்களுக்கு வீடு கிடைத்ததை உடனே நம்பியது.

பேய் எதுவும் அங்கே இல்லை. சம்பளத்துக்கு ஒரு பெண் இருந்தாள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைப்பவள். நகராட்சிக்காரர்கள் தெருவிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதாகத் தெரிய வேண்டும் என்று, தங்கிப்போனவர்கள் மறந்துவிட்ட சட்டைகளை நனைத்து மேலே கொண்டுபோய்க் கொடியில் போட்டு, இருட்டியதும் விளக்கையும் போடச் சொல்லியிருந்தார்கள். இடிபட்ட வீடுகளில் ஒன்று அவளுடையது. கணவன் போனபின் மகளோடு ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் இருந்தாள். பத்தாம் மாடியில் அவளுக்கென்று ஒதுக்கிய வீட்டிலும் எவனோ ஒருவனின் சட்டையை அவளேதான் காயப்போட்டாள்.

காற்றில் அந்தச் சட்டைகள் கை நீட்டும்போது பழைய தெருவின் ஆட்கள் நிற்பதுபோல் இருக்கும். ஒருநாள் தன்னை மறந்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவள் குரலே அறை அறையாகச் சுற்றி வந்தது. அன்று பாதித் துணியை வாளியிலேயே விட்டு இறங்கினாள்.

நகராட்சி அதிகாரி மேல் வீடுகளைப் பார்வையிட வருகிறார் என்றதும் மேலாளர் ஓடி வந்தார்.

"அக்கா, துணி மட்டும் போதாது. இன்னைக்கு நீங்கதான் வீட்டுக்காரம்மா."

"எந்த வீட்டுக்கு தம்பி?"

"உங்களுக்கு ஒதுக்கினதுக்கே. கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருங்க, துக்க வீடு மாதிரி வேணாம்."

அதிகாரி படியேறி மூச்சு வாங்க வந்தார். "இங்க குடியிருக்கிறது நீங்கதானாம்மா?"

இல்லை என்றால் வேலை போகும். ஆமாம் என்றால் வீடு கொடுத்தாயிற்று என்று எழுதிவிடுவார்கள். பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

"நாந்தாங்க. இனிமேலும் இங்கதான் இருப்பேன். அதையும் எழுதிக்குங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். மேலாளருக்கு வாயெல்லாம் பல். "பின்னிட்டீங்க அக்கா. சாவியக் குடுங்க."

"என் வீட்டுச் சாவிய உங்களுக்கு எதுக்குத் தரணும்?"

"விளையாடாதீங்க."

"நீங்க சொன்னதத்தானே நானும் சொன்னேன். பொய்யின்னா வாங்க, ரெண்டு பேருமாப் போய் அவர்கிட்ட சொல்லுவோம்."

வேலை போனது. மகள் மூட்டையோடு வந்து சேர்ந்தாள். மின்சாரத்தைத் துண்டித்தார்கள், குழாயை அடைத்தார்கள். வெளியேற்ற மட்டும் துணியவில்லை, அவர்கள் பொய்யும் கூடவே வெளியே வந்துவிடும். எடுக்க ஆளில்லாமல் மற்ற பால்கனிகளின் சட்டைகள் கொடியிலேயே கிழிந்து ஆடின.

மேலே யாரோ நடக்கிறார்கள் என்று ஹோட்டலில் தங்குகிறவர்கள் புகார் சொல்வார்கள். "மேல யாருமே இல்லைங்களே" என்பார்களாம் வரவேற்பறையில்.

கீழே தண்ணீர் பிடிக்கப்போனபோது அதைக் கேட்டு வந்த மகள், குடத்தை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "அப்ப நாம பேயாம்மா?"

"அவங்களுக்கு அப்படித்தான். நீ மெதுவா நடக்காத. நல்லா மிதிச்சு நட."