ஐந்து-ஒன்பதும் சங்கரா மீனும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதற்கும் முன்னால் நிற்பது வாய். இந்த வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்து மீன் ஏலக் கொட்டகையில் என்னைத் தலைகுனிய வைத்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அப்போது குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு செம்பாக்கத்தில். லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு, ஹாம் ரேடியோ என்கிற வயர்லெஸ் செட்டில் ஊர் ஊராகப் பேசுகிறவள். தெருவில் பாதிப் பேர் நான் கேபிள் டிவி திருடுகிறேன் என்று நம்பினார்கள். மீதிப் பேர் அந்தக் கம்பத்தில் துணிக்கொடி கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. போன் செத்துப்போகிற நாளில் சேதி போக ஒரு வழி வேண்டும் என்று மூன்று பேர் சேர்ந்தோம். ஒருவர் தாம்பரத்தில் பேட்டரிக் கடை வைத்திருந்த பாய். அவரும் என்னைப் போல லைசென்ஸ்காரர். இன்னொருவர் ஒரு சாஃப்ட்வேர்காரர். அவருக்கு ரேடியோவில் பேசத் தெரியாது. ஆனால் நாங்கள் வாங்கித் தரும் சேதிகளை வெளியூர் உறவுக்காரர்கள் பார்க்கும்படி இன்டர்நெட்டில் ஏற்றிவிடுவார். மூன்றாவது ஆள் நான். கோவளம் ஏலக் கொட்டகை மேல் நிரந்தரமாக ஒரு ஆன்டெனாக் கம்பம் நட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஊரில் அனுமதி கேட்டால், "அக்காவக் கேட்டுக்குங்க" என்று கை காட்டினார்கள். அக்கா மீன் விற்பவர். கொட்டகையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"கம்பத்த நட்டா இன்னா ஆவும்?" என்றார்.

"போன் இல்லாட்டியும் சேதி போகும்க்கா."

அக்கா கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தார். "சுனாமி அன்னிக்கு நான் ரோட்டாண்ட ஓடித் தப்பிச்சிகினேன். அப்பால ஒரு கல்யாண மண்டபத்துல குந்திகினு சோறு துன்னுகினு இருந்தேன். குரோம்பேட்டைல கட்டிக்குடுத்த எம் பொண்ணு ரெண்டு நாளா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா என் போட்டோவ தூக்கிகினு அலைஞ்சிருக்கா. ஒவ்வொரு பொணமா தொறந்து பாத்திருக்கா. இன்னிக்கும் நான் ஒருக்கா போன் எடுக்கலன்னா அவளுக்கு கை காலு ஒதறுது."

அக்கா கத்தியை மறுபடி கையில் எடுத்தார்.

"எம் பொண்ணுக்கு ஒரு சேதி அனுப்பு, போன் இல்லாம. பன்னண்டு மணிக்குள்ள அவ பதிலு இங்க வரணும். வந்தா நட்டுக்கோ. வரலன்னா இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்காத."

அப்படித்தான் எங்கள் ஒத்திகை நிச்சயமானது. கோவளத்திலிருந்து நான் சேதி சொல்ல, தாம்பரத்தில் பாய் எழுதிக்கொள்வார். அவர் கடையில் உட்கார்ந்திருக்கும் சாஃப்ட்வேர்காரர் அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரில் குரோம்பேட்டைக்குப் போய் மகளிடம் நேரில் கொடுத்துப் பதில் வாங்கி வர வேண்டும். ஞாயிறு காலையில் போன் எடுக்க மாட்டேன் என்று அக்கா மகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

காலை ஒன்பது மணிக்கு மூங்கில் கழியில் ஆன்டெனா ஏறியது. அக்கா என் செல்போனை வாங்கி, கேரி பேக்கில் சுற்றி, தன் மீன் கூடைக்குள் போட்டார். பாய் கொடுத்தனுப்பிய பேட்டரி செங்கல் அளவுதான் இருந்தது. "இது போதும் மேடம், சேதி சொல்ல எவ்ளோ நேரமாகப் போகுது?" என்றிருந்தார்.

இங்கே எங்கள் கூட்டத்தின் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். ஹாம் ரேடியோக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் வேலை, எதிராளி குரல் எப்படிக் கேட்கிறது என்று மார்க் போடுவது. முழு மார்க் ஐந்து-ஒன்பது. அதை வாங்கியதும் உச்சி குளிர்ந்துவிடும். பிறகு செட் என்ன, ஆன்டெனா எத்தனை அடி, உங்கள் ஊரில் வெயிலா மழையா என்று வரிசையாக விசாரிப்பார்கள். பந்தியில் உட்கார வைத்துவிட்டு, இலை போடாமல் சௌக்கியம் விசாரிக்கிற மாதிரிதான்.

பாய் எனக்கு ஐந்து-ஒன்பது போட்டார். நான் அவருக்குப் போட்டேன். கோவளத்திலிருந்து ஒரு குரல் என்றதும் பல்லாவரத்திலிருந்து ஒருவர் வந்தார். மேடவாக்கத்துக்காரர் வந்தார். காஞ்சிபுரத்திலிருந்துகூட ஒருவர் கரகரவென்று வந்தார். எல்லோருக்கும் என் மூங்கில் கழியைப் பற்றி விளக்கினேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பது நிமிஷம் கழித்து, கோவளத்தில் காற்று எப்படி என்று யாரோ கேட்டதற்கு நான் விஸ்தாரமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது செட் விளக்கு மங்கி அணைந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"பேட்டரி தீந்துபோச்சுக்கா."

"எம் பொண்ணுக்கு சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"அப்போ இம்மா நேரம் யாராண்ட இன்னா பேசிகினு இருந்த?"

"நான் பேசறது கேக்குதான்னு கேட்டேன்."

"கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சுக்கா."

கொட்டகையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கடை நிறைய பேட்டரியை அடுக்கி வைத்துக்கொண்டு எனக்குச் செங்கல்லைக் கொடுத்த பாய் மேல் முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடியே அது என் மேல் திரும்பியது. வாயை ஓட்டிப் பேட்டரியைத் தீர்த்தது நான்தானே. பாய்க்கு ஒரே ஒரு போன் அடித்தால் போதும். என் கண் மீன் கூடை மேல் போனது.

"அத்த தொட்டே, கத முடிஞ்சுது" என்றார் அக்கா.

பிறகு ரோட்டோரம் பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய மீனை ஏற்றிக்கொண்டு வேளச்சேரிக்குக் கிளம்பத் தயாராக ஒரு லோடு ஆட்டோ நின்றிருந்தது.

"பேட்டரிய கழட்டிக் குடு!"

"அக்கா, லேட்டானா மீனு பூடும்" என்றார் டிரைவர்.

"என் மீனுதான? போவட்டும்."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பேட்டரியைத் தூக்கி வந்தார். பத்தரை மணிக்கு செட் விளக்கு மறுபடி எரிந்தது.

"சேதி ஒன்று, குரோம்பேட்டைக்கு. 'நல்லா கீறேன். தேடாத. அம்மா.' ஓவர்."

"மேடம், இப்ப உங்க சிக்னல் முன்ன விட..." என்று பாய் ஆரம்பித்தார்.

"பாய்! எழுதுங்க!"

நான் போட்ட சத்தத்துக்கு ரேடியோவே தேவைப்பட்டிருக்காது. பாய் எழுதிக்கொண்டு, ஒரு தடவை திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மேடவாக்கமும் காஞ்சிபுரமும் அவருக்கு முன்பே மூடிக்கொண்டிருந்தன.

பதினொன்றானது. பதினொன்றரையானது. ஐஸ் உருகி ஆட்டோவுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு மீனைக்கூட விற்கவில்லை. வாங்க வந்தவர்களை, "இரு, எம் பொண்ணு பேசுவா" என்று நிறுத்தி வைத்தார். அவர்களும் நின்றார்கள். சாஃப்ட்வேர்காரர் குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் இரண்டு எலெக்ட்ரிக் ரயிலுக்குக் காத்து நின்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது செட் கரகரத்தது.

"சேதி, கோவளத்துக்கு" என்றார் பாய். பத்திரம் படிக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். "'தேடல. சங்கரா எடுத்து வை. சாயங்காலம் பசங்களோட வரேன்.' ஓவர்."

அக்கா செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மொதல்ல சொன்னாரே, அத்த இன்னோர் வாட்டி சொல்லச் சொல்லு."

சொல்லச் சொன்னேன். "தேடல" என்றார் பாய்.

"இன்னோர் வாட்டி."

மூன்று தடவை கேட்டோம். மூன்று தடவையும் பாய் அதே நிதானத்தோடு சொன்னார். பேட்டரி வீணாகிறது என்று நானும் சொல்லவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மீன் கூடைக்குள் கையை விட்டு என் போனைத் தேடி எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு நல்லதாக நாலு சங்கரா பொறுக்கித் தனியாக வைத்தார்.

"கம்பத்த அந்தத் தூணாண்ட நடு" என்றார். "வல காயப்போடற பக்கம் வாணாம்."