கான்கிரீட்டுக்குப் போன நல்ல தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமை. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் கணவரின் குலதெய்வக் கோயிலில் எங்கள் மகளுக்குக் காதுகுத்து. மற்றவர்களுக்கு அது விசேஷம், எனக்குப் பரீட்சை. காதல் திருமணம் செய்துகொண்டேன் என்று பல வருடமாக என்னிடம் பேசாத அப்பா, அன்று கொடைக்கானலிலிருந்து வருவதாக இருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அந்த முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாத என் அண்ணன், அப்பாவையும் எப்படியோ கிளப்பிவிட்டான். வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு, முகம் கோணாமல் திரும்ப வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை.

ஏரியும் மழையுமாக இருக்கிற ஊரில் பிறந்தவள் நான். அங்கே உடம்பில் போட்ட சோப்பு வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு கழுவக் கழுவப் போகாது. கல்யாணமாகி சிவகாசிக்கு வந்த புதிதில் இங்கே சோப்பு நுரைக்கவே இல்லை. போலி சோப்பு விற்றுவிட்டார் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே கிளம்பினேன். என் கணவர் சிரித்துக்கொண்டே வழிமறித்து, இங்கே தண்ணீரில் இரண்டு சாதி உண்டு என்று விளக்கினார். போர் தண்ணீர், உப்பு. அது குளிக்க, துவைக்க. பத்து நாளைக்கு ஒரு முறை குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது குடிக்க, பருப்பு வேகவைக்க. தெருவில் காபித்தூள் கேட்பார்கள், சர்க்கரை கேட்பார்கள், அவசரத்துக்கு நகைகூடக் கேட்பார்கள். நல்ல தண்ணீரை மட்டும் யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். அது இங்கே எழுதாத சட்டம்.

அன்று சமையலுக்கு ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் சொல்லியிருந்தோம். விடியற்காலையில் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போய்விட்டது. அடுப்பு மூட்டி வெகுநேரமாகியும் அண்டாவில் பருப்பு கல்லுக் கல்லாகக் கிடந்தது. சமையல்கார அண்ணாச்சி ஒரு கை தண்ணீரை வாயில் விட்டு, தூவென்று துப்பினார்.

“தாயி, இது உப்புத் தண்ணில்லா! சாயங்காலம் வரைக்கும் எரிச்சாலும் இந்தப் பருப்பு வேகாது” என்றார்.

என் கணவர் டேங்கர்காரருக்குப் போன் போட்டார். ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போட அனுப்ப வேண்டிய உப்புத் தண்ணீர் லோடு எங்களுக்கு வந்திருக்கிறது. எங்கள் நல்ல தண்ணீர் லோடை அங்கே சிமெண்டில் கலந்து, பாதித் தளமும் போட்டு முடித்துவிட்டார்களாம். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கிற நிலையில் நான் இல்லை. முகூர்த்த நாள் என்பதால் வேறு டேங்கர் கிடைக்கவில்லை. தண்ணீர் கேன் எங்காவது கிடைக்குமா என்று என் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். அதே நேரம் அண்ணனிடமிருந்து போன். சாத்தூரைத் தாண்டிவிட்டார்கள்.

கோயிலுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அங்கே குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார். பட்டாசு ஆலையில் வேலை செய்பவர் என்பது கையைப் பார்த்ததுமே தெரிந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பவுடர். அந்த ஊர் உப்புத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

“நல்ல நாளும் அதுவுமா எதுக்குத்தா அழுவுற?”

சொன்னேன். அப்பா வருவதையும் சேர்த்தே சொன்னேன். தண்ணீர் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அவர் துணியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்குள் போய்விட்டார். துவைக்க வந்தவரின் வேலையையும் கெடுத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

சற்று நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குடம். வாயை வெள்ளைத் துணியால் கட்டிய, அவரவர் வீட்டு நல்ல தண்ணீர்க் குடம். அண்ணாச்சி பழைய அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் புதுப் பருப்பைப் போட்டார். அவர்கள் ஒவ்வொருவராக ஊற்றினார்கள்.

“அடுத்த தண்ணி எப்பக்கா வரும்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“நேத்துதான் வர வேண்டியது. வரலை. எப்படியும் சமாளிச்சுக்கிடுவோம். நீ வாய் விட்டுக் கேட்டிருந்தேன்னா இல்லைன்னுதான் சொல்லியிருப்போம். கேக்காம நின்னு அழுதா என்னதான் செய்ய?” என்று சிரித்தார் அந்த அக்கா.

கடைசிக் குடம் கவிழும்போது அப்பாவின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்பதை அண்ணாச்சியே அவரிடம் சொல்லிவிட்டார். கேன் தேடிப்போய் வெறும் கையோடு திரும்பிய என் கணவரைப் பார்த்து அப்பா லேசாகத் தலையசைத்தார். அதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அண்ணன் மடியில் குழந்தை வீரிட்டு அழ, காது குத்தி முடிந்தது. இலை போட்டார்கள். முதல் பந்தி பெண் வீட்டாருக்குத்தான். நான் ஓடிப்போய் அப்பாவுக்கு இலையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. காலிக் குடங்களை எடுத்துப்போக வந்து தயங்கி நின்ற அந்தப் பெண்களைப் பார்த்தார்.

“தண்ணி குடுத்தவங்க முதல்ல சாப்பிடட்டும்மா. நான் பரிமாறுறேன்” என்றார்.

அத்தனை வருடம் கழித்து அப்பா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அந்த ‘ம்மா’வைக் கேட்டபிறகு எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அவர் சாம்பார் வாளியோடு போக, அந்த அக்கா இலையைப் பார்த்துவிட்டு, “பருப்பு நல்லா வெந்திருக்குய்யா” என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாளே அந்தத் தெருவுக்கு ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் அனுப்பினோம். இந்த முறை லோடு கிளம்புமுன் என் கணவர் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தார். அப்பா இப்போது அடிக்கடி வருகிறார். சோப்பு நுரைக்கவில்லை என்று என்னைப் போலவே சலித்துக்கொள்கிறார். நான் சிரித்துக்கொண்டே பருப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். கேட்டால் யாரும் தராத ஒன்றை, கேட்காமலே கொண்டுவந்து ஊற்றிய அந்த வெள்ளி படிந்த கைகளால்தான் எனக்கு என் அப்பா திரும்பக் கிடைத்தார்.